குட்டி ஆமைக்கு எவ்வளவு வெயில்

திருத்தணியில் யார் வீட்டிலும் கோழியை அடைவைக்க ஜெயம்மாவைக் கூப்பிடமாட்டார்கள். நாற்றங்காலில் முதல் பிடி விதை தெளிக்கவும் கூப்பிடமாட்டார்கள். அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று பதினோரு நாள் இருந்தது. மற்றது ஏழு மாதம் இருந்தது. அதற்கப்புறம் ஆசையாகப் பிடித்து வந்த கன்றுக்குட்டியும் கழிச்சல் கண்டு செத்தது. அத்தோடு ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அவளுக்குக் கைராசி இல்லை என்று. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முட்டைக் கூடையோடு யாராவது உட்கார்ந்திருக்கும்போது அவள் போய் நின்றால், கூடையை முந்தானையால் மூடிவிட்டு, "வா ஜெயம்மா, உங்கூட்டுக்கு மண்ணெண்ணெ கெடச்சுதா" என்று பேச்சைத் திருப்புவார்கள். மூடியதைப் பார்க்காதவள்போல அவளும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். நாற்பத்திரண்டு வயதுக்குள் அது பழகிப்போயிருந்தது.

அவளுக்கு வாய்த்த வேலைக்கோ கைராசி தேவைப்படவில்லை. மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்களுக்குக் கால் சுடாமல் இருக்க, வெயில் காலத்தில் கற்படிகளில் தண்ணீர் தெளிப்பது அவள் வேலை. மெட்ராஸ் வியாபாரி ஒருவர் தன் வேண்டுதல் பலித்த சந்தோஷத்தில் அந்தத் தர்மத்தை ஏற்படுத்தியிருந்தார். வாரம் ஒருமுறை படிகளின் வலது ஓரத்தில் இரண்டு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பும் அடிக்க வேண்டும். வெள்ளை பட்ட கல்லில் சூடு அவ்வளவாக ஏறாது. மொத்தம் முந்நூற்று அறுபத்தைந்து படிகள். நடுவில் உள்ள மண்டபத்திலிருந்து மேலே எண்பது படி ஜெயம்மாவின் பங்கு. கீழே குளத்தில் மொண்டு, இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக ஏறி, சொம்பால் வாரி இறைத்துக்கொண்டே இறங்குவாள். பதினெட்டு வருஷமாக அதுதான்.

எந்த நேரத்தில் தெளிக்க வேண்டும் என்று மேஸ்திரி பரசுராமன் சொன்னதில்லை. அது ஜெயம்மாவின் காலுக்குத் தெரியும். கல்லின்மேல் பாதத்தை வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருந்தால் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். சுருக்கென்றால் குடத்தை எடுப்பாள். பெரும்பாலும் பதினோரு மணியாகிவிடும். அதற்கு முன்பே படியில் குதித்துக் குதித்து ஏறுகிறவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். "மெட்ராஸ் காலு, பஞ்சுல வெச்சு வளத்தது" என்பாள். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "முருகன் பேரச் சொல்லிகினு ஏறும்மா, ஒண்ணும் சுடாது" என்று தைரியம் சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸ் பட்டணமே காலியானது. ஜெயம்மாவின் புருஷன் ராஜமாணிக்கம் ஸ்டேஷனில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். ஓயாமல் வேலை. சாயங்காலம் தோளைத் தேய்த்துக்கொண்டே சொல்வான்: "மெட்ராஸ் மொத்தமும் ரயிலேறி வந்துகினு கீது மே. இன்னிக்கு ஒருத்தரு ஆட்டுக்கல்லத் தூக்கினு வந்தாரு. குண்டு வுழுந்தா ஆட்டுக்கல்லுக்கு இன்னா ஆவும்னு கேட்டேன். மொறைக்கிறாரு."

அப்படி வந்து இறங்கியவர்களில் ஒரு குமாஸ்தா குடும்பம் ஜெயம்மாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தது. பாலசுப்பிரமணியன், அவர் மனைவி தேவகி, எட்டு வயது மகள் சந்திரா. அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது ஜெயம்மா. முதல் நாளே அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு தொப்பிப் பெட்டிக்குள் ஏதோ சுரண்டும் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தாள். கொட்டாங்கச்சி அளவில் ஒரு குட்டி ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பரவியிருந்தன. மூர் மார்க்கெட்டில் வாங்கியதாம். பேப்பரில் வந்த யுத்த டாங்கியின் படத்தைப் பார்த்துவிட்டு அதற்கு டாங்கி என்று பேர் வைத்திருந்தாள் சந்திரா.

பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அதைக் கேள்விப்பட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஆமைய யாராவது வூட்டுக்குள்ள வெப்பாங்களா? ஜப்பான்காரனுக்குப் பயந்து ஓடியாந்தவங்க இதுக்குப் பயப்பட வாணாமா?"

ஆனி மாதம் பாலசுப்பிரமணியனின் ஆபீஸை மேற்கே ஏதோ ஒரு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பீரோவையும் கட்டிலையும் அறையில் பூட்டிவிட்டுக் கைப்பெட்டிகளோடு புறப்பட்டார்கள். ஆமையை ரயிலில் ஏற்றமாட்டேன் என்று தேவகி உறுதியாகச் சொல்லிவிட்டாள். சந்திரா தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு வீடு ஏறி இறங்கினாள். நான்கு வீட்டிலும் ஒவ்வொரு காரணம் இருந்தது. கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த ஜெயம்மாவின் எதிரில் வந்து நின்றாள்.

தேவகி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். அவள் காதுக்கும் அந்தக் கைராசிப் பேச்சு எட்டியிருந்தது. குழந்தை காதுக்கு எட்டவில்லை.

"நாங்க சாமானெல்லாம் எடுக்கத் திரும்பி வருவோம். அதுவரைக்கும் வெச்சிருக்கியா?" என்றாள் சந்திரா.

"அதுக்கு இன்னா துன்னத் தர்றது பாப்பா?"

"கீரை, பூசணிப் பூ. அப்புறம் வெயில் வேணும். அதுக்கு ஒடம்புல தானா சூடு கெடையாது. வெயில்ல இருந்துதான் எடுத்துக்கும். வெயில் இல்லேன்னா செத்துப்போயிடும்னு கடைக்காரர் சொன்னார்."

"எம்மாம் வெயிலு?"

சந்திரா யோசித்தாள். கடைக்காரர் அதைச் சொல்லியிருக்கவில்லை. "நெறைய" என்றாள். அப்புறம், "நாங்க வர்றப்ப உயிரோட இருக்குமா?"

உயிருள்ள ஒன்றைக் கையில் கொடுத்து ஜெயம்மாவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கும்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆமையின் தலை அசைகிறதா என்று பார்ப்பாள். ராஜமாணிக்கம் கேலி செய்தான். "நான் எய்ந்தனா இல்லியான்னு ஒரு நாளாவது இப்பிடிப் பாத்துகிறியா?"

"நீ எய்ந்தா ஊருக்கே தெரியுமே பாவா, அந்த இருமலு போதாது?"

வெயில் வேண்டும் என்றால் அவளுக்குத் தெரியாத வெயிலா? கொல்லையில் துணி துவைக்கிற கருங்கல் ஒன்று இருந்தது. மலையில் முதல் நடை தண்ணீரை மண்டபத்துத் தொட்டியில் ஊற்றி வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருவாள். கல்லின்மேல் காலை வைத்துப் பார்ப்பாள். வெதுவெதுப்பாக இருக்கும். ஆமையை அதன்மேல் விட்டு, காக்கை கொத்தாமல் ஒரு கூடையைக் கவிழ்த்து, கூடை நகராமல் அதன்மேல் செங்கல்லும் வைப்பாள். கஞ்சி குடித்து, பாத்திரம் கழுவி, திரும்ப மலைக்குப் புறப்படும்போது எடுத்து உள்ளே விடுவாள். நிறைய வெயில் வேண்டும் என்று குழந்தை சொல்லியிருக்கிறதே என்று, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினாள். ஆமை மட்டும் நாளுக்கு நாள் குறைவாகத் தின்றது. கூடையைத் தூக்கினால் எப்போதும் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். ஓடப் பார்க்கிறது, திருட்டுக் கழுதை என்று நினைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், ஆமையைக் கூடைக்கடியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனவளுக்குக் குளத்தில் கூட்டம், பேச்சு, எல்லாம் சேர்ந்து நேரமாகிவிட்டது. கூடையைத் தூக்கியபோது ஆமையின் நான்கு காலும் விரிந்து கிடந்தன. கழுத்து வெளியே நீண்டு தொங்கியது. வாயெல்லாம் நுரை.

ஜெயம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்த சின்னம்மாள் ஓடிவந்து, பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றப்போனாள்.

"ஏ அக்கா, சில்லுனு ஊத்தாதே" என்று ஒரு குரல் தடுத்தது. பள்ளிப்பட்டுப் பக்கத்துக் காட்டிலிருந்து விறகு கொண்டு வந்து விற்கிற பங்காரு. கட்டைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுவிட்டு வந்தான். "சூடு கண்டது மேல ஜில்லுத் தண்ணி ஊத்துனா அத்தோட முடிஞ்சிரும். நெழலுக்குக் கொண்டா. தட்டுல வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி. மூக்கு மேலயே இருக்கணும், முழுவக் கூடாது."

தொட்டித் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றி, விரல் உயரத் தண்ணீரில் ஆமையை வைத்து, தலையை ஒரு விரலால் ஜெயம்மா தாங்கிப் பிடித்தாள். மூன்று பேரும் தாம்பாளத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

"எங்கையில குடுத்திருக்கக் கூடாது" என்றாள் ஜெயம்மா, யாரையும் பார்க்காமல்.

பங்காருவுக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. வெளியூர்க்காரன். "கையி இன்னா பண்ணுச்சு? எங்க வெச்சிருந்தே?"

"அந்தக் கல்லு மேல. வெதுவெதுன்னுதான் கீது. கால வெச்சுப் பாத்துட்டுத்தான் வுடுறேன், தெனமும்."

பங்காரு எழுந்துபோய்க் கல்லின்மேல் காலை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். காட்டுமுள்ளில் நடக்கிற கால் அவனுடையது. "இதுவா வெதுவெதுப்பு? இதுல அப்பளம் சுடலாம் அக்கா."

ஜெயம்மா நம்பவில்லை. ஆமையின் தலையைச் சின்னம்மாளிடம் பிடிக்கச் சொல்லிவிட்டுப் போய்க் கல்லின்மேல் ஏறி நின்றாள். இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். "எங்க சுடுது? இதமாத்தான் கீது."

சின்னம்மாளும் பங்காருவும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷச் சுண்ணாம்பும் தண்ணீரும் கல்லும் சேர்ந்து உள்ளங்கால் செருப்பு அடி மாதிரித் தடித்துப்போயிருந்தது. குதிகாலில் ஒரு அரிசியைச் சொருகி வைக்கலாம், அப்படி வெடிப்பு.

"உள்ளங்கைய வெச்சுப் பாரு" என்றான் பங்காரு. வைத்தாள். சுண்ணாம்பு தின்ற கை. அதற்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "முழங்கையி உள்பக்கம் வையி." குனிந்து முழங்கையின் மடிப்பைக் கல்லில் வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த இடம் சிவந்துவிட்டது.

"காட்டுல இது காலையில வெளிய வந்து குளிர் காயும்" என்றான் பங்காரு. "போதும்னு ஆச்சுன்னா பொதருக்குள்ள பூந்துக்கும். சாயங்காலம் மறுபடி வரும். யாரும் அதுக்கு மணி சொல்றதில்ல. நீ கூடையப் போட்டு மூடிட்டா அது எங்க பூந்துக்கும்?"

அரை மணிக்கப்புறம் தாம்பாளத்தில் ஆமை ஒரு கண்ணைத் திறந்தது. விறகு விலைகூடப் பேசாமல் பங்காரு கட்டைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று நாள் அது ஒன்றும் தின்னவில்லை. நான்காம் நாள் பூசணிப் பூவின் ஓரத்தை ஒரு கடி கடித்தது. அந்தக் கடிபட்ட பூவை ஜெயம்மா வெளியே எறியாமல் மாடத்தில் வைத்தாள். ராஜமாணிக்கம் பார்த்தான், கேலி செய்யவில்லை.

ஆமை பிழைத்த அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மலையில் வழக்கம்போல நிழலில் உட்கார்ந்திருந்தாள். பத்துமணி இருக்கும். ஒரு கர்ப்பிணிப் பெண் படியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜெயம்மாவின் வாய் வழக்கமான வார்த்தைக்குத் தயாரானது. அது வரவில்லை. எழுந்துபோய், அந்தப் பெண் தாண்டிப் போன படியில் குந்தி, முழங்கை மடிப்பைக் கல்லில் வைத்தாள்.

அப்புறம் வெகுநேரம் அவள் எண்ணிக்கொண்டிருந்தது, பதினெட்டு வருஷத்தில் எத்தனை பேர் என்று. சிரித்திருக்கிறாள், அவர்களைப் பார்த்து. பக்தி போதாது என்றுகூட நினைத்திருக்கிறாள். கொப்புளம் வந்து மண்டபத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அவளே விளக்கெண்ணெய் தடவிவிட்டு, அவர்கள் காலைத்தான் குறை சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கே படிகள் நனைந்து கிடந்ததைப் பார்த்துப் பரசுராமன் மேலே வந்தான். "இன்னா ஜெயம்மா, இந்நேரத்துக்கே தண்ணிய ஊத்திகினு கீறே? பதினோரு மணிக்குள்ள காஞ்சு பூடும், மறுபடி யாரு தூக்குறது?"

"நாந்தான் தூக்கணும்."

"இவ்ளோ நாளா பதினோரு மணிக்குத்தானே ஊத்துனே?"

"இவ்ளோ நாளா எனக்குத் தெரியல."

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் நின்று பார்த்தான். அவள் சொம்பை நனைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விட்டாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு ஜனம் மலையேறியபோது அவள் பங்குப் படிகள் மட்டும் காலையிலிருந்தே ஈரமாக இருந்தன. நாளுக்கு நான்கு நடை கூடுதல். சாயங்காலம் முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆமைக்கும் ஏற்பாடு மாறியது. கூடையைத் தூக்கிப்போட்டாள். ராஜமாணிக்கம் ஸ்டேஷனிலிருந்து ஒரு நீளமான மரப்பெட்டி கொண்டு வந்தான். கூரை ஓடு வந்த பெட்டி, அடியெல்லாம் வைக்கோல். அதன் பாதிக்கு மேல் ஈரச் சாக்கைப் போட்டு, மறுபாதியைக் காக்கைக்கு வலையால் மட்டும் மூடினாள். அடியில் வைக்கோலை எடுத்துவிட்டு மண் போட்டாள். காலை இளவெயிலில் கொல்லையில் வைத்தால், ஆமை வெளிச்சத்துக்கு வந்து கால்களையும் கழுத்தையும் நீட்டிப் படுக்கும். பிறகு தானே எழுந்து சாக்குக்கடியில் போய்விடும். அது உள்ளே போய்விட்டால் அன்றைய வெயில் அவ்வளவுதான், பெட்டியை நிழலுக்கு இழுத்துவிட வேண்டும். தன் கையும் காலும் சொல்வதைக் கேட்பதை அவள் அடியோடு விட்டுவிட்டாள். முழங்கையைக்கூட ஒப்புக்குத்தான் வைத்துப் பார்ப்பாள். ஆமை எங்கே போய்ப் படுக்கிறதோ அதுதான் கணக்கு.

அந்தக் கணக்குக்கும் ஒரு சோதனை வந்தது. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் சூரியனே இல்லை. மலை முழுக்க மேகத்துக்குள் போய்விட்டது. ஆமை சுருங்கிக் கிடந்தது; மூக்கில் சின்னதாகக் குமிழ் விட்டது. தின்னவில்லை. சின்னம்மாள் வந்து பார்த்துவிட்டு, "சளி புடிச்சுகிச்சு. இதுக்கு மேல நிக்காது ஜெயா, மனசத் தேத்திக்கோ" என்றாள்.

"அது நிக்கிறதப் பத்தி நீ பேசாத அக்கா" என்றாள் ஜெயம்மா. அவள் அப்படி எதிர்த்துப் பேசிச் சின்னம்மாள் கேட்டதில்லை.

அடுப்புக்குப் பின்பக்கம் மண்சுவர். சமைத்து முடித்தபின்னும் வெகுநேரம் அதில் சூடு தங்கும். பெட்டியின் ஒரு முனை சுவரில் ஒட்டும்படி வைத்தாள். ஆமை நகர்ந்து நகர்ந்து மறுமுனைக்குப் போய் மூலையில் முகத்தைச் சொருகிக்கொண்டது. அதிகம். பெட்டியை இரண்டு சாண் தள்ளி வைத்தாள். மறுநாள் காலையில் அது சுவர்ப்பக்கத்துப் பலகையில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடந்தது. போதவில்லை. ஒரு சாண் கிட்டே இழுத்தாள். சமையல் இல்லாத நேரத்திலும் அடுப்பில் இரண்டு வரட்டியைக் கனிய விட்டாள். ராஜமாணிக்கம், "மனுசனுக்கே வரட்டி கெடைக்காத காலத்துல" என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். "செரி, எரிச்சுக்கோ" என்று வெளியே போனவன், திரும்பி வரும்போது எங்கிருந்தோ ஒரு கூடை வரட்டி கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் ஆமை பெட்டியின் நடுவில், சுவர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல, கால்களை நீட்டிப் படுத்தது. ஐந்தாம் நாள் மூக்கில் குமிழ் நின்றது. மழை விட்ட அன்று முருங்கைக்கீரை ஒரு கொத்தை முழுசாகத் தின்று தீர்த்தது.

மாசி கடைசியில் ஒரு கார்டு வந்தது. பாலசுப்பிரமணியன் குடும்பம் பட்டணத்துக்கே திரும்புகிறது. பங்குனி முதல் வாரம் சாமானை எடுக்க வருகிறார்கள். ஸ்டேஷனில் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவந்த ராஜமாணிக்கம், கடைசி வரியையும் ஒப்பித்தான்: "டாங்கி எப்படி இருக்கிறது என்று சந்திரா தினமும் கேட்கிறாள்."

வந்தார்கள். சந்திரா ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முன்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. பெட்டியைப் பார்த்ததும் மண்டியிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தாள். ஆமையும் வளர்ந்திருந்தது, ஓட்டின் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றிப் புதிதாக ஒரு வரி.

"உயிரோட இருக்கே" என்றாள் தேவகி. அந்த ஆச்சரியத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

"கீதும்மா" என்றாள் ஜெயம்மா. பிறகு கேட்டாள்: "பட்டணத்துல வூடு எப்பிடி? கெழக்க வெயிலு வருமா?"

"மாடிப் போர்ஷன். மேற்கே ஒரு பால்கனி இருக்கு. வெயிலுக்கு என்ன பஞ்சம்?"

"மேக்கு வெயிலு ஆவாதும்மா. அது மத்தியானத்துக்கு மேல வர்றது, கொதிக்கும். ஒதுங்க எடம் வோணும்."

"ஆமைக்காக வீடு மாத்த முடியுமா ஜெயம்மா?" தேவகி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஜெயம்மா சிரிக்கவில்லை. உயிரோடு திருப்பிக் கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தாள்; கொடுத்தால் வாக்கு தீர்ந்தது. கொடுத்த மறுமாதம் அது பால்கனியில் வெந்து செத்தால் அந்த வாக்கு என்ன வாக்கு? பெட்டியின் விளிம்பிலிருந்து கையை எடுக்காமலே ஸ்டேஷன் வரை அவளே சுமந்து போனாள்.

காலை எட்டரைக்கே பிளாட்பாரத்தில் வெயில் ஏறிவிட்டது. ராஜமாணிக்கம் இறக்கி வைத்த சாமான்களில் ஒரு கறுப்புத் தகரப் பெட்டி வெயிலில் கிடந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் ஆமையைப் பார்க்க வேண்டும் என்று கேட்க, சந்திரா அதை எடுத்துத் தகரப் பெட்டியின்மேல் விட்டாள்.

ஜெயம்மா எழுந்தேவிட்டாள். ஒரு அடி வைத்தவள் நின்றாள். ஆமையோடு கூடப் போகப்போவது தானல்ல, சந்திராதான் என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

ஆமை முன்காலை வைத்தது, எடுத்தது. மறுகாலை வைத்தது, எடுத்தது. அந்த அம்மாள், "நடக்கப் பழகுது பாருங்க" என்றாள். சந்திரா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஆமையின் காலையே பார்த்தாள். சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்பா, பெட்டி சுடுது."

பாலசுப்பிரமணியன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எங்கேம்மா? லேசாத்தானே இருக்கு."

"உங்களுக்கு லேசா இருக்கும். அது கால மாத்தி மாத்தி வெக்குது. அதுக்குச் சுடுது."

யாரும் சொல்லாமலே அவள் மரப்பெட்டியை இழுத்தாள். பாதி பெஞ்சின் நிழலிலும் பாதி வெயிலிலுமாக வைத்து, நடுவில் ஆமையை விட்டு, எதிரில் குந்திக்கொண்டாள். அது நேரே நிழலுக்குள் போய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஜெயம்மா தேவகியிடம் வந்தாள். "நான் வர்றேம்மா. மணி ஒம்போதாவப்போது, கல்லு காஞ்சிரும்."

"ரயில் வர இன்னும் நேரமிருக்கே. குழந்தைகிட்டச் சொல்லிட்டுப் போயேன்."

ஜெயம்மா திரும்பிப் பார்த்தாள். சந்திரா முழங்காலில் மோவாயை ஊன்றிக்கொண்டு, ஆமை எப்போது வெளிச்சத்துக்கு வரும் என்று காத்திருந்தாள். வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"வாணாம்மா, அது பாத்துகினு கீது" என்று சொல்லிவிட்டு, ஜெயம்மா குளத்துக்குப் போகிற வழியில் வேகமாக நடந்தாள்.